பாணந்துறையில் ஒரு குரங்கு, ஆலங்குடாவில் ஒரு கணினி!

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணியளவில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோனதே, நினைவிருக்கிறதா சகோதரிகளே? பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து மின்கருவியில் பட்டுவிட்டது என்று அமைச்சர் காரணம் சொன்னார். நாடே சிரித்தது. எங்கள் புத்தளம் மாவட்டத்துக்காரர்கள் மட்டும் கொஞ்சம் குறைவாகச் சிரித்தோம். 900 மெகாவாற் நுரைச்சோலை அனல்மின் நிலையம் இருப்பது எங்கள் வாசலில். அன்றைய அதிர்ச்சியில் அதன் மூன்று இயந்திரங்களும் நின்றன. அவற்றை மறுபடி எழுப்பச் சில நாட்கள் பிடித்தன. அதனால் 10ஆம், 11ஆம் திகதிகளில் நாடெங்கும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு. நுரைச்சோலைப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே குப்பிவிளக்கு ஏற்றுகிற பாக்கியம் எங்களுக்குத்தான் உண்டு!

அந்தக் குரங்கின் மீது இன்னொரு பழியும் விழுந்தது. அது பத்திரிகைகளில் வரவில்லை. கற்பிட்டிப் பாதையில் ஆலங்குடாவில் இருக்கும், எனக்கு மிக வேண்டிய ஒரு ராத்தாவின் வீட்டில் நடந்தது.

ராத்தா தையல்காரி. கணவர் மௌத்தாகி ஆறு வருடங்கள். மகன் கட்டாரில் வேலை செய்கிறான். மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தாள். நோன்புக்கு மூன்று வாரம் இருந்தது. பெருநாள் அபாயாவுக்கும் சல்வாருக்கும் நாற்பதுக்கு மேற்பட்ட பெண்கள் அளவு கொடுத்திருந்தார்கள். யாருக்கு எந்த அளவு, யார் எவ்வளவு முற்பணம் தந்தார், யாருடைய துணி எந்தப் பையில் இருக்கிறது என்பதெல்லாம் கணினிக்குள். முன்பு கொப்பியில் எழுதி வைத்தவர்தான். கடற்காற்றின் ஈரத்தில் மை பரவி இரண்டு கொப்பிகள் வீணானதும் மகள் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிவிட்டாள்.

கணினி பழையது. புதிய விண்டோஸ் அதில் ஏறாது. எனவே மகன் விடுமுறையில் வந்தபோது லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மூன்று வருடமாக ஒரு தொல்லையும் இல்லை. ஞாயிறு மாலை மின்சாரம் திரும்பியது. மகள் பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரை! அதில் வெள்ளை எழுத்துக்கள் சரசரவென்று ஓடி நின்றன. கடைசி வரியில் "கேர்னல் பேனிக்" என்று இருந்தது. பேனிக் என்றால் பீதி. பீதி கணினிக்கு மட்டுமா? வீட்டுக்கே!

திங்கட்கிழமை ஒரு பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் இரண்டு நிமிடம் பார்த்தார். "ஹார்ட் டிஸ்க் போய்ட்டு. ஃபோர்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தாரன். உள்ளுக்கு இருக்கிற சாமானுக்கு நான் பொறுப்பில்ல" என்று சொன்னாராம். ஃபோர்மட் அடிப்பது என்றால் உள்ளே இருப்பதை எல்லாம் வழித்துத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது. "வச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்க" என்றும் சொல்லியிருக்கிறார்.

ராத்தா வைத்துவிட்டு வரவில்லை. இரண்டு காரணங்கள்.

ஒன்று, அதற்குள் வீட்டுப் படங்கள் இருந்தன. மகளின் படங்கள், மச்சிமாரின் கல்யாணப் படங்கள். வீட்டுக்குள் நாம் எப்படி இருப்போமோ அப்படி எடுத்த படங்கள். யாரென்று தெரியாத கையில் அதை ஓர் இரவு விட்டுவர எந்தத் தாய்க்கு மனம் வரும்? கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கடைக்கு வந்துபோகிற எல்லோருக்கும் யார் பிணை?

மற்றது, கணவரின் படங்கள். ராத்தா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. அப்போது அவருக்கு ஒன்பது வயது. உம்மா வாப்பாவின் கல்யாணப் படம் முதல் பாடசாலைச் சான்றிதழ் வரை எல்லாம் அங்கேயே போயிற்று. அவருடைய குழந்தைப் பருவத்துக்கு ஒரு படம்கூடக் கிடையாது. "ஒரு தரம் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவ நான். இன்னொரு தரம் ஏலாது" என்று என்னிடம் தொலைபேசியில் சொன்னார். அழவில்லை. அந்தக் குரல்தான் என்னை ஆலங்குடாவுக்கு பஸ் ஏற வைத்தது.

சிரட்டையும் பருப்பும்

நடந்ததைச் சொல்வதற்கு முன் கேர்னல் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். தென்னை முக்கோணத்தில் வாழும் நமக்கு இது எளிது. ஆங்கிலத்தில் கேர்னல் என்றால் பருப்பு. தேங்காய்ப் பருப்புக்கும் அதே சொல்தான். பருப்பைச் சுற்றியிருக்கும் சிரட்டைக்கு ஆங்கிலத்தில் ஷெல். வேடிக்கை என்னவென்றால், கணினியிலும் இந்த இரண்டு சொற்களும் இதே பொருளில்தான் வருகின்றன. நாம் கட்டளை தட்டுகிற வெளிப்பகுதி ஷெல். உள்ளே இருந்து நினைவகத்தையும் தட்டையும் விசைப்பலகையையும் ஆட்டி வைக்கிற மூலப்பகுதி கேர்னல்.

லினக்ஸின் பருப்பை எழுதத் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் அப்போது அவர் மாணவர், வயது 21. 1991 ஓகஸ்ட் மாதம் தன் முயற்சியை உலகுக்கு அறிவித்தார். ராத்தாவின் குடும்பம் கற்பிட்டிப் பக்கத்தில் கிடுகுக் கொட்டிலில் முதல் வருடத்தைக் கழித்துக்கொண்டிருந்த காலம் அது. இன்று உங்கள் கையிலுள்ள அண்ட்ரொய்ட் தொலைபேசிக்குள்ளும் அந்தப் பருப்புத்தான் இருக்கிறது. "லினக்ஸா, எனக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்ட நினைத்த சகோதரி கொஞ்சம் பொறுக்கவும்!

இந்தப் பருப்பு அடிக்கடி புதுப்பிக்கப்படும். பாதுகாப்புக் குறைகளைத் திருத்தி, புதிய கருவிகளுக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். லினக்ஸ் மின்ட் போன்றவற்றில் புதியது வந்தால் பழையதை உடனே எறிவதில்லை. பக்கத்திலேயே வைத்திருக்கும். நம் உம்மாமார் புது அகப்பை வாங்கினாலும் பழையதைக் கூரையில் செருகி வைப்பதுபோல. அந்தப் பழக்கத்தால்தான் ராத்தாவின் கணினி பிழைத்தது. அது கெட்டதும் அதே பழக்கத்தால்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

பூட்டிய அலுமாரிக்குள் சாவி

கணினியை எழுப்புவதை பூட் பண்ணுவது என்கிறோம். தன் சப்பாத்து வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற ஆங்கிலப் பேச்சு வழக்கிலிருந்து வந்த சொல் அது. நடக்கிற காரியமா? கணினி தினமும் அதைத்தான் செய்கிறது. நின்றுபோன நாட்டு மின்சாரத்தை எழுப்புவதும் இப்படியே. மின்நிலையத்தைத் தொடக்கவே மின்சாரம் வேண்டும். அதனால் எளிதில் எழும்பக்கூடிய நீர்மின் நிலையங்களை முதலில் எழுப்பி, அவற்றைக் கொண்டு மற்றவற்றை எழுப்புவார்கள்.

கணினியில் முதலில் விழிப்பது பலகையில் பதிந்த ஒரு சிறு நிரல். அது க்ரப் என்ற வாசற்காவலாளியைக் கூப்பிடும். க்ரப் கேர்னலை நினைவகத்தில் ஏற்றும். கேர்னல் எழுந்து தட்டைத் திறந்து மற்ற எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஆனால் தட்டைத் திறக்கத் தேவையான சாமான்கள் அந்தத் தட்டுக்குள்ளேயே இருந்தால்? அலுமாரிச் சாவியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்! அதற்காக ஒரு சிறு பொட்டலத்தை க்ரப் கேர்னலின் கையில் முதலிலேயே கொடுத்துவிடும். தட்டைத் திறக்கும் சாவிகள் அதற்குள் இருக்கும். அதன் பெயர் இனிட்-ராம்-எப்.எஸ். ஒவ்வொரு புதிய கேர்னலுக்கும் புதிய பொட்டலம் ஒன்று கட்ட வேண்டும்.

ராத்தாவின் புதிய கேர்னலுக்குப் பொட்டலம் கட்டப்படவே இல்லை. அதனால்தான் வேரை ஏற்ற முடியவில்லை, தெரியாத துண்டு பூச்சியம் பூச்சியம் என்ற கருத்தில் கடைசி வரியில் புலம்பியிருக்கிறது. ஹார்ட் டிஸ்க் போகவில்லை. கதவு பூட்டியிருந்தது, சாவி கையில் இல்லை. அவ்வளவுதான்.

செவ்வாய் இரவு

நான் போய்ச் சேர்ந்தது செவ்வாய்க்கிழமை. இரவு ஒன்பது மணிக்கு மகன் வட்ஸ்அப்பில் வந்தான். அங்கே கட்டாரில் ஆறரை, வேலை முடிந்து அறைக்கு வந்த நேரம். மகள் திரையைத் தொலைபேசியால் படமெடுத்து முன்பே அனுப்பியிருந்தாள். இது மிக நல்ல காரியம் சகோதரிகளே. எழுத்து மறைந்துவிட்டால், "என்னமோ வெள்ளையா வந்திச்சு" என்று சொல்லிப் பயனில்லை.

"தங்கச்சி, ஒண்ணும் பயப்படாத. போட்டவுடன ஷிப்ட் விசைய அமத்திப் பிடி. விடாத" என்றான். பழைய கணினிகளுக்கு ஷிப்ட். புதியவற்றில் எஸ்கேப் விசையைத் தட்ட வேண்டும். முதல் தடவை மொனிட்டர் விழிப்பதற்குள் நேரம் தப்பிவிட்டது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை அவசரத்தில் எஸ்கேப்பைப் பலமுறை தட்டிவிட்டாள். க்ரப் என்ற சொல்லும் ஒரு குறியுமாகத் திரை வெறித்து நின்றது. "சாச்சி, இன்னும் பழுதாக்கிட்டேன்!" என்று என் கையைப் பிடித்தாள். பழுதாகவில்லை. காவலாளி, "என்ன வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறான், வேறொன்றுமில்லை. கொன்ட்ரோல், ஓல்ட், டிலீட் மூன்றையும் ஒன்றாக அழுத்த, கணினி மறுபடி தொடங்கியது.

நான்காம் தடவை பட்டியல் வந்தது. முதல் வரியில் லினக்ஸ் மின்ட். இரண்டாவது வரி மேலதிகத் தெரிவுகள். அதற்குள் போனால் கேர்னல்களின் பெயர்கள் எண்களோடு வரிசையாக நின்றன. புதியது மேலே, பழையது கீழே. ஒவ்வொன்றுக்கும் கீழே மீட்பு முறை என்ற ஒரு வரியும் இருந்தது. "மேல இருந்து ரெண்டாவது எண். மீட்பு இல்லாதது" என்றான் மகன். மகள் அம்புக்குறியால் இறங்கி என்டரைத் தட்டினாள்.

அரை நிமிடம் எவரும் பேசவில்லை. ராத்தாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு, மூன்று வருடமாக அந்த வீட்டில் எல்லோருக்கும் பழக்கமான அந்தப் பச்சைத் திரை! அல்ஹம்துலில்லாஹ்! மகன் அங்கே சிரிப்பது இங்கே கேட்டது.

நான் மெச்சியது அடுத்து நடந்ததைத்தான். மகள் உடனே திருத்த உட்காரவில்லை. "முதல்ல உம்மாட சாமானை எடு" என்று அண்ணன் சொல்லுமுன்பே பென் டிரைவைச் செருகினாள். வாப்பாவின் படங்கள், அளவுக் கணக்கு, முற்பணக் கணக்கு எல்லாவற்றையும் நகலெடுத்து முடித்த பிறகுதான் மற்றது. திறந்த கதவு மறுபடி பூட்டிக்கொள்ளாது என்று யார் சொன்னது? ஒருவேளை கணினி பழைய கேர்னலிலும் எழும்பாவிட்டால்கூட இதைச் செய்ய வழி உண்டு. லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணினியை எழுப்பலாம். உள்தட்டில் ஒன்றையும் தொடாமல் கோப்புகளை மட்டும் வெளியே எடுக்கலாம். தட்டு உண்மையிலேயே உடைந்திருந்தாலொழிய, ஃபோர்மட் என்ற சொல்லுக்கு முன் இந்தச் சொல் வர வேண்டும். "அதை முதலில் செய்து தாருங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று கடையில் கேட்பதில் வெட்கமில்லை.

குரங்கு குற்றவாளியா?

பிறகு விசாரணை. எந்தக் கேர்னல் ஓடுகிறது என்று பார்க்க யூ-நேம் என்று தட்டி, இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் ஆர் எழுத்தும் போட்டாள். எண் வந்தது. அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். தட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க டி.எப். என்ற கட்டளை. அங்கேதான் உண்மை வெளிவந்தது. பூட் என்ற சிறிய பகுதி நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தது!

மகன் லினக்ஸைப் போட்டபோது கேர்னல்களுக்கென்று தட்டில் ஒரு சிறு அறையைத் தனியாகப் பிரித்திருக்கிறான். கேர்னலும் அதன் பொட்டலமும் சேர்ந்தால் நூறு எம்.பி.க்கு மேல் வரும். பழையவற்றை எறியாமல் சேர்த்து வைக்கும் பழக்கத்தைச் சொன்னேன் அல்லவா? மூன்று வருடத்தில் அறை நிறைந்துவிட்டது. கடைசியாக வந்த கேர்னல் எப்படியோ நுழைந்துவிட்டது. பொட்டலம் கட்ட இடமில்லை. கணினி அதைச் சொல்லியும் இருக்கிறது, ஒரு சிறு பெட்டியில் இடமில்லை என்று. மகள் அதை வாசிக்காமல் மூடியிருக்கிறாள். (நாம் எல்லோரும் அப்படித்தானே?) அதன்பின் வேறொரு சிறு புதுப்பிப்பு வந்து தொடக்கப் பட்டியலை மட்டும் திருத்தி, பொட்டலமில்லாத கேர்னலை முதலிடத்தில் வைத்துவிட்டது.

இது எப்போது நடந்தது தெரியுமா? மின்சாரம் நிற்பதற்குப் பத்துநாள் முன்பு! ஆனால் அந்த வீட்டில் கணினியை முழுதாக நிறுத்துவதே இல்லை. வேலை முடிந்ததும் உறங்க மட்டும் வைப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ், மறுபடி தொடங்கும்வரை பழைய கேர்னலிலேயே ஓடும். யூ.பி.எஸ். பெட்டியின் பற்றரி எப்போதோ செத்துவிட்டது. குரங்கு மின்சாரத்தை நிறுத்தியதும், பத்துநாள் முன்பே உடைந்திருந்தது அன்றுதான் கண்ணில் பட்டது. பாவம் குரங்கு!

திருத்தம் இருபது நிமிட வேலை. இருப்பவற்றில் மிகப் பழைய கேர்னல் ஒன்றை நீக்கினாள். இப்போது ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் தொடக்கூடாது என்பதால்தான் அந்த எண்ணைத் தாளில் எழுதியது. இடம் கிடைத்தது. அரைகுறையாக நின்ற நிறுவல்களை முடிக்கும்படி டி-பி-கே-ஜி என்ற கட்டளையைத் தட்டினாள். பொட்டலம் தானே கட்டப்பட்டது. க்ரப் பட்டியலைப் புதுப்பித்து மறுபடி தொடங்க, புதிய கேர்னலே ஓசையின்றி எழுந்தது. மின்டில் இதற்குக் கட்டளை தட்டத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. கணினி நன்றாக இருக்கும்போதே அப்டேட் மனேஜருக்குள் போனால் கேர்னல்களின் பட்டியல் இருக்கும், அங்கேயே பழையதை நீக்கலாம். வேண்டாத கேர்னல்களைத் தானே அகற்றும்படி அதன் தெரிவுகளில் ஒரு குறியிடவும் முடியும். மகள் அன்றிரவே அதைச் செய்துவிட்டாள். அதே மின்டில் டைம்ஷிப்ட் என்ற ஒன்றும் உண்டு. இயங்குதளத்தை முந்திய நிலைக்குத் திருப்ப உதவும். ஆனால் அது உங்கள் படங்களையும் கணக்குகளையும் வழக்கமாகக் காப்பதில்லை. அதை நம்பிப் பென் டிரைவை மறந்துவிடாதீர்கள்.

எல்லாக் கறுப்புத் திரைக்கும் இதே மருந்தா என்றால், இல்லை. எழுத்து ஒன்றும் இல்லாமல் வெறும் இருட்டு என்றால் பெரும்பாலும் படக் கருவியின் இயக்கி புதிய கேர்னலோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். அதற்கும் முதலில் பழைய கேர்னலில் எழுப்பிப் பார்க்கலாம். இனிட்-ராம்-எப்.எஸ். என்ற சொல் அடைப்புக்குறிக்குள் வந்து நின்றால், மின்சாரம் திடீரென்று நின்றதில் தட்டின் கணக்குப் புத்தகம் குழம்பியிருக்கக்கூடும். எப்.எஸ்.சி.கே. என்ற சரிபார்ப்பு ஓட்ட வேண்டும். தட்டே சாகும் நிலையில் இருந்தால் அது கேடு செய்யலாம். எனவே பென் டிரைவிலிருந்து எழுப்பிப் படங்களை எடுத்த பின்பே அதைச் செய்யுங்கள். எங்கள் கரையோரத்துக்கென்று இன்னொன்று உண்டு, உப்புக் காற்று. நினைவகப் பலகையின் பற்களில் பாசி பிடித்தாலும் கணினி எழும்பாது. ஆனால் அப்போது க்ரப் வரைக்கும்கூட வராது, சும்மா கூவிக்கொண்டிருக்கும்.

லினக்ஸ் என்றால் இப்படித்தான் என்று முகம் சுளிக்க வேண்டாம். 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. விமான நிலையங்களில் கையால் பயணச்சீட்டு எழுதினார்கள். அங்கும் வைத்தியம் இதே மாதிரிதான். பாதுகாப்பான முறையில் எழுப்பி, பிழையான கோப்பை மட்டும் நீக்கினார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் 11 ஏறாது. நம் வீடுகளுக்குள் லினக்ஸ் இன்னும் வரத்தான் போகிறது.

வேலை முடிய இரவு பதினொன்றரை. ராத்தா இஞ்சி போட்ட பிளேன்டீ தந்தார். மறுநாள் புதன்கிழமை, போயா விடுமுறை. காலையில் நான் எழும்பியபோது தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மகள் கணினித் திரையைப் பார்த்து அளவு வாசிக்க, ராத்தா வெட்டிக்கொண்டிருந்தார். கேர்னல் எண் எழுதிய தாள் அலுமாரிக் கதவின் உட்புறத்தில், ஓதும் துஆக்களுக்குக் கீழே ஒட்டப்பட்டிருந்தது. பென் டிரைவை ஒரு பஞ்சுத் துண்டில் சுற்றி, மூடியுள்ள ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் போட்டு அடுக்களை உயரத்தட்டில் வைத்திருந்தார்கள். "உப்புக் காத்து படாதே, சாச்சி?" என்று கேட்டாள் மகள். கொஞ்சம் அரிசியும் போடச் சொல்லிவிட்டு நான் ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.